கிறிஸ்துமஸ் தாத்தாவின் பையில் அவரைக்காய்

எங்கள் பள்ளியில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் எனக்கு வந்ததற்குக் காரணம் என் நடிப்பு இல்லை, என் உடம்பு. வழக்கமாகப் போடும் பி.டி. மாஸ்டர் அந்த வருஷம் கால் சுளுக்கி உட்கார்ந்துவிட்டார். தாளாளர் அம்மா ஸ்டாஃப் ரூமில் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. உங்களுக்குத் தலையணை கட்ட வேண்டிய வேலை மிச்சம் என்றார். மற்ற டீச்சர்கள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், ஊருக்கே தெரியும். இருந்தாலும் சம்பளம் போடுகிறவரிடம் எவ்வளவு கோபப்பட முடியும்? சரி என்றேன்.

கடத்தூருக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஆங்கிலப் பள்ளி எங்களுடையது. பிள்ளைகள் எல்லாம் சுற்றுப்பட்டு விவசாய வீட்டுப் பிள்ளைகள். கிறிஸ்தவப் பிள்ளைகள் என்று தேடினால் ஒருவர் இருவர் அகப்படலாம். ஆனாலும் அரையாண்டு லீவுக்கு முன்னால் தாத்தா வராவிட்டால் பள்ளிக்கு மரியாதை இல்லை என்பது தாளாளர் அம்மாவின் கொள்கை. அந்த வருஷம் அவர் ஒரு படி மேலே போனார். தாத்தா மேடையில் ஆடியது போதும், பள்ளி வேனில் ஏறிப் பிள்ளைகளின் வீட்டு வாசலுக்கே போகட்டும் என்றார். அடுத்த வருஷ அட்மிஷன் அவருக்குக் கண் முன்னால் தெரிந்தது.

ஏற்பாடு இதுதான். பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு ஒரு பரிசு வாங்கி, பொட்டலம் கட்டி, பெயர் எழுதி, பிள்ளைக்குத் தெரியாமல் வேன் டிரைவரிடம் கொடுத்துவிட வேண்டும். தாத்தா அதைத் தானே கொண்டுவந்த மாதிரி வாசலில் நின்று கொடுக்க வேண்டும்.

சரித்திரம் நடத்துகிறவள் என்பதால் தாத்தாவின் பூர்வீகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இன்றைக்குத் துருக்கி என்கிறோமே, அந்த நாட்டின் கடலோர ஊர் ஒன்றில் அவர் ஆயராக, அதாவது கிறிஸ்தவர்களுக்குத் தலைமைக் குருவாக இருந்தார் என்று தொடங்கினேன். அங்கே ஒரு ஏழைத் தகப்பனுக்கு மூன்று பெண்கள். கட்டிக் கொடுக்க வழியில்லை. இவர் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியே பொன் முடிச்சைப் போட்டுவிட்டுப் போனார் என்பது கதை. சீருக்கா மிஸ் என்று ஒருவன் கேட்டான். ஆமாம், சீருக்குத்தான் என்றேன். வகுப்பே தலையாட்டியது. பனி, கலைமான், புகைபோக்கி என்றால் திருதிருவென்று விழிக்கிற பிள்ளைகள், சீர் என்றதும் அவரைச் சொந்தக்காரராக்கிக்கொண்டார்கள்.

அந்த ஆயர் செத்த பிறகும் கதை சாகவில்லை. ஊர் விட்டு ஊர் போய், டச்சுக்காரர்கள் நாட்டில் வெள்ளைக் குதிரை ஏறி, கப்பலில் அமெரிக்கா சேர்ந்து, அங்கே படம் வரைகிறவர்கள் கையில் தொந்தியும் சிவப்புச் சட்டையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் தர்மபுரி டவுன் பேக்கரி வாசலில் பொம்மையாக வந்து நின்றது. ஒல்லியான சாமியார் எப்படிக் குண்டானார் என்பதை நான் சொன்னபோது பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு பெண் எழுந்து நின்றாள். இரண்டாம் வகுப்பு. ஆடி மாதம் அவள் அம்மா பாம்பு கடித்து இறந்துபோனாள். அதற்குப் பிறகு அவள் வகுப்பில் வாயைத் திறந்ததே அன்றைக்குத்தான். தாத்தா எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தால் தாத்தாவுக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்டாள். வெளிநாட்டில் பிள்ளைகள் அவருக்குப் பாலும் பிஸ்கட்டும் எடுத்து வைப்பார்கள், டச்சுப் பிள்ளைகள் குதிரைக்கென்று ஷூவுக்குள் வைக்கோல் வைப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

புறப்படும் நாள் காலையில் பொட்டலங்களை ஊர்வாரியாக அடுக்கினோம். அந்தப் பெண்ணின் பெயரில் பொட்டலம் இல்லை. வேனின் சீட்டுக்கு அடியில் தேடினோம், அங்கேயும் இல்லை. அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. காட்டு வேலையில் இருந்திருப்பார். அவளுடையது வேன் போகும் வழியில் கடைசி வீடு. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை வாசலில் நிற்க, ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு அவளிடம் மட்டும் வெறுங்கையை விரிக்க வேண்டும். அந்த வீட்டுக்குப் போகாமல் திரும்பிவிடலாமா என்று டிரைவர் மெதுவாகக் கேட்டார். நல்ல மனிதர், என் அப்பா வயது. நான் எரிந்து விழுந்தேன். பிறகு வழியில் ஒரு பெட்டிக்கடையில் வேனை நிறுத்தச் சொல்லி, தாடியும் தொப்பியுமாக இறங்கி, கலர் பென்சில் டப்பா ஒன்று வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் சில்லறை கொடுக்கவே மறந்துவிட்டார்.

முதல் வீட்டிலேயே கூத்து ஆரம்பித்தது. வாசலில் நின்று மணியை ஆட்டினேன். பையன் ஓடிவந்தான், பொட்டலத்தை வாங்கினான், குதித்தான். அதுவரைக்கும் சரி. அவன் அம்மா உள்ளே போய் முறத்தில் ராகி கொண்டுவந்து, நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் என் சிவப்புப் பைக்குள் கொட்டினாள். கொட்டிவிட்டுக் கும்பிட்டாள். அடுத்த வீட்டில் நிலக்கடலை. அதற்கடுத்த வீட்டில் அவரைக்காய். தெலுங்கு பேசுகிற ஒரு வீட்டில் கைக்குழந்தையை என் காலடியில் போட்டு எடுத்தார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மார்கழி பிறந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மார்கழி விடியலில் சேகண்டி அடித்து, சங்கு ஊதிக்கொண்டு பெருமாள் கோயில் பஜனைக்காரர்கள் தெருத்தெருவாக வருவார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று பாடுவார்கள், வீட்டுக்காரர்கள் முறத்தில் தானியம் கொண்டுவந்து அவர்கள் பையில் போடுவார்கள். அந்த மாதத்தில் மணியும் பையுமாக வாசலில் ஒருவர் நின்றால் அவர் வாங்க வந்தவர். கொடுக்க வந்தவராக யாரும் வந்ததே இல்லை. தாத்தாவின் சரித்திரம் எனக்குத் தெரியும், அவர்களுக்கு மார்கழி தெரியும். பை நிறைந்துகொண்டே போனது. பரிசுகள் குறையக் குறையக் கனம் கூடியது.

யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். தாளாளர் அம்மா உடனே போனில் வந்தார். பள்ளி மானம் போகிறது, பார்க்கிறவர்கள் பிச்சை எடுக்கிறோம் என்று நினைக்க மாட்டார்களா, ஒரு மணி தானியம் கூட வாங்கக் கூடாது என்றார். அதற்கடுத்த வீட்டில் நான் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்றேன். அந்த வீட்டு அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"மார்கழி மாசம் வாசலுக்கு வந்தவங்கள வெறுமனே அனுப்புனா எங்க வூட்டுக்கு ஆகுமாங்க?" என்றாள்.

அம்மா கொடுப்பதை நான் தள்ளிவிடுவதைப் பார்த்து மகள் வேறு அழ ஆரம்பித்தாள். முறத்தைத் திண்டாட்டத்தோடு திருப்பி அனுப்பிவிட்டு வேனில் ஏறினேன். டிரைவர் வண்டியை வெடுக்கென்று எடுத்தார். அது என்னைத் திட்டியது போலத்தான் இருந்தது. அப்படியே ஒவ்வொரு வாசலிலும் பையை இறுக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

ஓட்டு வீடு. பின்னால் அவரைப் பந்தல். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், எங்களைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்தப் பெண் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தாள், வகிடு கோணல். அது அப்பா எடுத்த வகிடு என்று பார்த்ததும் தெரிந்தது. தாத்தாவின் கனத்த குரலை வரவழைத்துக்கொண்டு, கலர் பென்சில் டப்பாவை நீட்டினேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

அவர்தான் சொன்னார். பரிசு வாங்கச் சொல்லிப் பள்ளியில் சொன்னது தனக்குத் தெரியும், மறந்துபோகவில்லை என்றார். "அவ போயி வருசம் திரும்பலைங்க. புதுசா எதுவும் வூட்டுக்குள்ள எடுக்கறதில்லீங்க. புள்ளகிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். பொங்கல் வந்தாலும் புதுத்துணி இல்லாத வீடு, தாத்தா வந்தால் மட்டும் பரிசு எடுக்குமா? நீட்டிய கையை மடக்கவும் முடியாமல் டப்பாவோடு நின்றேன். வேஷத்துக்குள் வியர்த்து ஒழுகியது. பொன் முடிச்சை ஜன்னல் வழியே போட்டுவிட்டுப் போன அந்த ஆயர் கெட்டிக்காரர், வாசலில் வந்து நின்று அவஸ்தைப்படவில்லை.

அப்போதுதான் அவள் கையில் இருந்ததைப் பார்த்தேன். கதவின் மறைவில் இரண்டு கையாலும் முறத்தைப் பிடித்திருந்தாள். முறம் நிறைய அவரைக்காய், அன்று காலையில் பறித்தது.

அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு பேசினார். "பஜனைக்காரங்க இந்த வருசம் எங்க வாசல்ல நிக்கறதில்லீங்க. சாவு வூடு, அது முறைதான், அவங்க மேல தப்பில்ல. புள்ளைக்குத்தான் புரியல. தெனமும் சேகண்டி சத்தம் கேட்டா எந்திரிச்சு மொறத்தோட உக்காந்துக்குது. அவங்க பக்கத்து வூட்டுல பாடிட்டு எங்க வூட்டத் தாண்டிப் போயிர்றாங்க." என் தாடியைப் பார்க்காமல் கேட்டார். "நீங்க வாங்கலாமுங்களா? உங்க சாமிக்கு அந்தக் கணக்கெல்லாம் உண்டுங்களா?"

இத்தனை வருஷம் சரித்திரம் நடத்தியிருக்கிறேன், யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. துருக்கியில் இருந்து நம் ஊர் வரைக்கும் தாத்தா கடந்துவந்த தூரத்தை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். எந்த ஊரிலும் அவர் ஒரு வாசலைத் தாண்டிப் போனதாக நான் படித்ததில்லை.

"இல்லீங்க," என்றேன். தாத்தா குரல் போய் என் சொந்தக் குரல் வந்துவிட்டது. "இந்தத் தாத்தாவுக்குத் தீட்டு கெடையாது. எல்லா வூட்டுலயும் வாங்கிக்குவாரு."

தாளாளர் அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும். மிஞ்சிப்போனால் வேலை போகும், வேஷம் போகும், இரண்டும் போனால் உடம்பாவது இளைக்கும். தரையில் மண்டியிட்டுப் பையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்தேன். டிரைவர் ஓடிவந்து அடியைத் தாங்கிக்கொண்டார்.

அவள் மெதுவாக வந்தாள். கீழே சிந்தாமல் முறத்தைச் சாய்த்துக் கொட்டினாள். கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு காயையும் விரலால் தள்ளிவிட்டாள். பிறகு எல்லா வீட்டுப் பெண்களும் செய்த மாதிரியே முறத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைக் கும்பிட்டாள். நான் அழுதேன். பஞ்சுத் தாடி நனைந்து மோவாயோடு ஒட்டிக்கொண்டது.

அப்பா கலர் பென்சிலை என்னிடமே வைத்திருக்கச் சொன்னார், ஆடி கழிந்ததும் பிள்ளை வாங்கிக்கொள்ளட்டும் என்றார். சரி என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நான் எழுந்திருக்கப் பார்த்தபோது அவள் பைக்குள் எட்டிப் பார்த்தாள். ராகி, கடலை, அதன்மேல் ஊர் முழுக்க வாங்கிய அவரைக்காய்.

"எங்க வூட்டுது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா தாத்தா?"

நானும் குனிந்து பார்த்தேன். நிஜமாகவே தெரியவில்லை. "தெரியல கண்ணு. எல்லார் வூட்டுதோடயும் கலந்துருச்சு."

அவள் பைக்குள் கையை விட்டு ஒரு தடவை துழாவினாள். பிறகு முறத்தோடு அப்பாவிடம் ஓடினாள்.

"கலந்துருச்சாம்ப்பா," என்றாள்.