பலகையில் ஏறாத வேலை

அந்த மென்பொருள் அணிக்கு, அணியே தன் வேலையைத் தானே பிரித்து நடத்திக்கொள்ளும் அஜைல் முறை வந்தபோது அதை வாரி அணைத்துக்கொண்டவர் மேனேஜர்தான். இனி யாரும் தன்னை மேனேஜர் என்று அழைக்கக் கூடாது என்று மேனேஜர் தோரணையிலேயே உத்தரவு போட்டார். சுவரில் ஆளுயரப் பலகை ஒன்று ஏறியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. அது 'செய்யணும்' கட்டத்திலிருந்து 'முடிஞ்சது' கட்டத்துக்கு நகர வேண்டும். பலகையில் இல்லாத வேலை வேலையே இல்லை என்பது அவருடைய வேதவாக்கு. அணி அவருக்குப் 'பலகையார்' என்று பெயர் வைத்தது.

நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், எது தடை என்று தினமும் காலையில் எல்லாரும் நின்றுகொண்டே ஒப்பிக்க வேண்டும். இதை ஒருநாள் வீட்டிலும் நடத்திப் பார்த்தார். "தடையா? வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கிற நீங்கதான். நகருங்க, பஸ் போயிடும்," என்றாள் மனைவி.

இன்று மதியம் கம்பெனி இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க அணியில ஒரு ஆள் குறையணும். யாருன்னு நான் சொல்லமாட்டேன். அணி தன்னைத் தானே நடத்திக்குதுன்னு நீங்கதானே மேடைக்கு மேடை பேசினீங்க? அவங்களே முடிவு பண்ணட்டும். சாயங்காலம் சொல்லுங்க."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

அணி பலகை முன் நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாரும் சீட்டுகளைப் பார்த்தார்கள். எல்லார் பெயரிலும் சீட்டு இருந்தது, ஒருவர் பெயரைத் தவிர. அந்த ஒருவர் பலகையார்தான். நிரல் எழுதுவதை விட்டு எவ்வளவோ காலமாயிற்று. இந்த வயதில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

"வாடிக்கையாளர் கத்துற போனெல்லாம் நீங்கதானே எடுக்கறீங்க, அதுக்குச் சீட்டு போடுங்கன்னு அன்னைக்கே சொன்னேனே சார்," என்றாள் மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்டர். "நீங்கதான் 'அது வேலையில்லம்மா, இடையூறு'ன்னீங்க."

அவர் ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, 'அணியை யாரும் தொந்தரவு பண்ணாம பார்த்துக்கறது' என்று எழுதி ஒட்டினார்.

"இது எப்போ முடியும் சார்?"

"எப்படிம்மா முடியும்? தினமும் இருக்கற வேலை."

"முடியாத வேலைக்குச் சீட்டு கூடாதுன்னு…" அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மீதி அவருக்கே தெரியும்.

அப்போது அவர் மேசையில் போன் அடித்தது. பழக்கதோஷம், ஓடினார். "இல்ல சார், பசங்க மும்முரமா வேலையில இருக்காங்க. இப்ப தொல்லை பண்ண வேண்டாம். எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுங்க. திட்டணும்னாலும் என்னையே திட்டுங்க." திட்டு வாங்கி முடித்துத் திரும்பினார்.

பலகை முன் யாரும் இல்லை. எல்லாரும் அவரவர் திரைக்குள் தலையை விட்டிருந்தார்கள். அவருடைய சீட்டு 'முடிஞ்சது' கட்டத்தில் இருந்தது.

யார் நகர்த்தியது என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. எதையும் அணிதான் செய்தது, தனி ஆளைத் தேடக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான்.