பஸ் மந்திரியின் அக்கா

எங்கப்பா இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்து டிப்போவில் பஸ் கழுவினார். அவர் மகன், என் தம்பி, போக்குவரத்து மந்திரி ஆனான். பேப்பர்க்காரங்களுக்கு இது போதாதா? ஒரு வாரம் எங்க சலவைக்கடை வாசலில் கேமராவும் கையுமா நின்னாங்க. அப்ப எனக்குக் கால் தரையில பாவலை. இப்ப நினைச்சா பத்திக்கிட்டு வருது.

சும்மா வந்த பதவி இல்லை, அதையும் சொல்லணும். முதல் தடவை வார்டு தேர்தலில் நின்னப்ப, அவன் போஸ்டர் மேல 'வந்த வழியே போ'ன்னு கரியால எழுதினாங்க. தோத்தான். எங்க தெருவில் இருக்கறது எல்லாம் எங்களை மாதிரி வெளியிலிருந்து வந்து குடியேறின குடும்பங்கள்தான். அடுத்த தடவை தெருவே வீடு வீடா ஏறி இறங்கி அவனை ஜெயிக்க வச்சது. பேக்கரிக்காரம்மா கடையைச் சாத்திட்டு வந்தாங்க. என் இஸ்திரி மேஜைதான் அவனுக்கு ஆபீஸ்.

கவுன்சிலர், எம்.பி., துணை மந்திரி, மந்திரின்னு மேல போனான். போகப் போக ஒரு பயமும் அவனோடயே போச்சு. 'தன் ஆளுங்களுக்குச் செய்யறான்'னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு. அதுக்காக ஒரு சட்டமே போட்டான்: சொந்தக்காரங்க மனு எதுவும் தன் மேஜைக்கு வரக்கூடாது, துணை மந்திரிகிட்டதான் போகணும். துணை மந்திரியோ, செஞ்சா காக்கா பிடிக்கறான்னு பேர் வந்துடுமேன்னு அதைத் தொடவே மாட்டார். நல்ல சட்டம் போ!

போன வருஷம் செலவைக் குறைக்கறோம்னு பஸ்ஸையெல்லாம் நிறுத்தினாங்க. முதல்ல நிறுத்தினது எங்க தெரு வழியா ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸை. தன் தெருவிலிருந்தே ஆரம்பிச்சாராம், அவ்வளவு நேர்மையாம்! எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் டாக்சி பிடிக்க நாங்க என்ன மந்திரியா? வேற பஸ் பிடிக்க பெரிய ரோடு வரைக்கும் கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவேன். பாதி வழியில எங்கேயாவது படியில உட்கார்ந்துடுவார். ஒரு நாள் நேரத்துக்குப் போய்ச் சேரலைன்னு அவரைத் திருப்பியே அனுப்பிட்டாங்க.

தெரு முழுக்கச் சேர்ந்து மனு எழுதினோம். "மந்திரியோட அக்கா, முதல் கையெழுத்து நீங்கதான் போடணும்"னு பேக்கரிக்காரம்மா பேனாவை நீட்டினாங்க. நானும் பெருமையா, பெருசா போட்டேன். தொலைஞ்சது! 'சொந்தக்காரங்க மனு'ன்னு மொத்தத்தையும் துணை மந்திரி பக்கம் தள்ளிட்டாங்க. பக்கத்துப் பேட்டைக்காரங்களும் மனு கொடுத்தாங்க. அவங்க பஸ் அடுத்த மாசமே திரும்ப ஓடுச்சு.

போன் பண்ணினேன்.

"அக்கா, இதுல நான் தலையிட்டா நாளைக்கே என்னைக் கிழிச்சுத் தொங்கப் போடுவாங்க."

"உன் மாமா நடக்க முடியாம சாகறாருடா!"

"கொஞ்சம் பொறு. தேர்தல் முடியட்டும்."

பொறுக்கணுமாம். கிட்னிகிட்ட யார் போய்ச் சொல்றது?

தேர்தல் கூட்டத்தை எங்க தெருமுனை ஹாலில் வச்சான். என்னையும் எங்க வீட்டுக்காரரையும் முதல் வரிசையில் உட்கார வச்சாங்க. மைக்கைப் பிடிச்சு, "எங்கக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தத் தெரு பஸ்ஸுலதான் பள்ளிக்கூடம் போனேன்"னான். குரல் வேற தழுதழுத்தது. எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்னுட்டேன்.

"அந்த பஸ் எங்கேடா?"

ஒரு நொடி திருதிருன்னு முழிச்சான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "பாத்தீங்களா? நாட்டுக்கே மந்திரியானாலும் எங்கக்கா என்னை அதட்டத்தான் செய்வாங்க"ன்னான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டேன், அதையும் ஓட்டா மாத்திட்டான் பாவி.

அன்னைக்கு டயாலிசிஸ் நாள். வெளியே வந்து அவரைக் கைத்தாங்கலா நடத்தினப்ப, தம்பி கார் பக்கத்துல வந்து நின்னுச்சு.

"ஏறுங்க மாமா, ஆஸ்பத்திரியில விட்டுட்டுப் போறேன்."

"தெரு மொத்தத்தையும் ஏத்திக்கோ, நானும் ஏறறேன்"னேன்.

அதுக்குள்ள எங்க வீட்டுக்காரர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துட்டார். கால் ரெண்டும் வீங்கியிருந்தது. அவரைப் போய் என்ன சொல்ல? நானும் ஏறினேன்.

கார் பழைய பஸ் போற வழியிலேயே போச்சு. கொஞ்ச தூரத்துல பேக்கரிக்காரம்மா, தன் மாமியாரைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு பெரிய ரோட்டைப் பார்த்து நடந்துக்கிட்டிருந்தாங்க. காரைப் பார்த்ததும் நின்னாங்க. தம்பி கண்ணாடியை இறக்கி அவங்களுக்குக் கை காட்டினான். நான் செருப்பைத் தேடற மாதிரி கீழே குனிஞ்சுக்கிட்டேன்.