சீல் பெட்டிச் சாவி

எனக்கு வயது அறுபத்தெட்டு. பெற்றது மூன்று, தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. ஐந்தும் சொந்தக் காலில் நிற்கின்றன. கையெழுத்துப் போடுவேன், எண்கள் அத்தனையும் தெரியும், மற்றபடி படிப்பில்லை. அந்த எண்களை நம்பித்தான் படப்பைப் பக்கத்துக் கம்பெனியில் எக்ஸ்போர்ட் மேடம் சீல் பெட்டியின் சாவியை என்னிடம் கொடுத்தார்.

பிரேக் உதிரி பாகங்களைக் கன்டெய்னரில் ஏற்றிக் கதவைச் சாத்தியதும், கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்பு சீல் போடுவோம். போட்டுவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பெட்டியிலிருந்து சீலை எடுத்துப் போட்டு, அதன் நம்பரை நோட்டில் ஏற்றிக் கையெழுத்திடுவது என் வேலை. கோவிலம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் மேடம், கைப்பையை வைக்கும் முன்பே காலி கன்டெய்னருக்குள் ஏறிச் சுவரைத் தட்டிப் பார்ப்பார். பின்னால் மறைவாக இன்னொரு சுவர் இருந்தால் சத்தம் மாறுமாம்.

அப்போதெல்லாம் துறைமுகத்தில் எங்கள் சரக்கைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார்கள். நாள்கணக்கில் கிடக்கும். இன்னும் தாமதமானால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வோம் என்று வெளிநாட்டுக்காரர் எழுதிவிட்டார். அந்த ஆர்டர் போனால் பேக்கிங்கில் இருந்த பெண்கள் எல்லோரும் வீட்டுக்குத்தான். நம்பகமான கம்பெனி என்று கஸ்டம்ஸ் ஒரு சான்று தரும், அது கிடைத்தால் பெரும்பாலும் திறக்காமலே அனுப்புவார்கள் என்றார் மேடம். அதற்கு, சரக்கில் யார் கை பட்டது என்று கடைசிவரை நாம் காட்ட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் என் இரண்டாவது மகன் பைக்கிலிருந்து விழுந்து தாம்பரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று போன் வந்தது. ஏற்றி முடித்த கன்டெய்னர் சீலுக்குக் காத்திருந்தது. பல வருடம் பழகிய லாரி டிரைவர், "நீ போம்மா, நான் போட்டுக்கறேன்" என்றார். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு ஓடினேன்.

மகனுக்குக் கால் எலும்பு முறிவோடு போயிற்று. மறுநாள் காலை மேடத்திடம் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. துறைமுகம் போகும் வழியில் லாரிகள் நிறுத்தும் யார்டில் நின்றிருந்த அந்த லாரியைத் திரும்ப வரவழைத்து, சீலை வெட்டி, அத்தனை பெட்டியையும் இறக்கச் சொன்னார்.

டிரைவருக்குக் கோபம். "இன்னா மேடம், உள்ள நான் வெடிகுண்டா வச்சிக்கீறேன்?"

"வைக்கலண்ணா. ஆனா கேக்கறவங்களுக்கு அத நான் எப்படிக் காட்டறது? அதுக்குத்தான் இறக்கச் சொல்றேன்."

எல்லாம் சரியாக இருந்தது. வேறு சீல் போட்டோம். நடந்ததை மேடம் நோட்டில் எழுதிப் படித்துக் காட்டினார். கீழே நான் கையெழுத்திட்டேன்.

சில மாதம் கழித்து, சான்று தரலாமா என்று சோதிக்க இரண்டு கஸ்டம்ஸ் அதிகாரிகள் வந்தார்கள். கேட் ரிஜிஸ்டர், கேமரா, பூட்டு ஒன்றும் விடவில்லை. கடைசியில் அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார். "இந்தச் சாவி எப்பவாவது வேற கைக்குப் போயிருக்காம்மா?"

பின்னால் நின்ற முதலாளி முந்திக்கொண்டார். "சான்ஸே இல்ல சார்."

"நான் அவங்களக் கேட்டேன்."

இல்லை என்று சொல்லும்படி முதலாளி எனக்குத் தலையாட்டிக் காட்டினார். மேடத்தைப் பார்த்தேன். அவர் கண் தரையில் இருந்தது. சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை.

"போயிருக்கு சார், ஒரே தபா" என்று நோட்டில் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன்.

நின்றபடியே படித்தார். வெட்டிய சீலின் நம்பரையும் புதிய சீலின் நம்பரையும் விரல் வைத்து ஒப்பிட்டார். "இது இல்லாம எல்லாம் சுத்தம்னு காட்டியிருந்தா நான் இன்னும் தோண்டியிருப்பேன்" என்று மட்டும் சொல்லி நோட்டை என் கையிலேயே கொடுத்தார்.

சான்று வந்தது. ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை, எங்கள் வேலையும் போகவில்லை. முதலாளி லட்டு கொடுத்து, நம் கம்பெனியில் ஒரு தப்பும் நடந்ததில்லை என்று பேசினார். மேடம் என்னைப் பார்த்தார். இருவரும் லட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினோம். இப்போது அவர் வேறு ஊரில் இருக்கிறார்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பேத்தி இப்போதுதான் பேனாவை நிறுத்திக் கேட்டாள்: "ஆயா, நீ சாவியக் குடுத்துட்டு ஓடினத விட்டுடலாமா? நாலு பேரு படிப்பாங்க."

"அத எடுத்துட்டா மிச்சத்த எவன் நம்புவான்? முதல்லேர்ந்து படி, எழுதியிருக்கியான்னு கேக்கறேன்."