ஈரத் துண்டோடு ஜோஜிலா ஏறியவர்

“பள்ளம் எந்தப் பக்கம்டா?” என்று மாமா கேட்டார். எனக்குத் தெரியும், இரண்டடி தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் என்னால் சொல்ல முடியவில்லை.

மாமா திம்மப்பன் ஓசூர் பக்கத்து ஜவளகிரிக்காரர். கூலிக்கு ராகி அறுத்த குடும்பத்தில் முதன்முதலில் ஸ்டீயரிங் பிடித்தவர். ஓசூரில் செய்யும் லாரிகள் கூண்டு கட்டாமல் வெறும் சேஸிஸாகவே வெளியே வரும். எஞ்சின், சக்கரங்கள், இரும்புச் சட்டம், உட்காரக் கயிற்றால் கட்டிய மரப்பெட்டி. கதவும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. அதை இந்தூர், கான்பூர் என்று ஓட்டிப்போய் ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்புவார். அனல்காற்றுக்கும் புழுதிக்கும் எல்லா சேஸிஸ் டிரைவர்களையும் போல, துண்டை நனைத்து முகத்தைச் சுற்றிக் கட்டி, அதற்கு மேலே கண்ணுக்குப் புழுதிக்கண்ணாடி மாட்டிக்கொள்வார்.

1987 அக்டோபரில் லடாக்கின் லே நகரத்துக்கு ஒரு சேஸிஸ் போனது. பிளஸ் டூ தேறாமல், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் இருந்த நான் பனி பார்க்க வேண்டும் என்று கெஞ்சினேன். ஆள் ஏற்றக் கூடாது என்பது விதி. யாருக்கும் தெரியாமல், மாநில எல்லையான அத்திப்பள்ளி தாண்டி என்னை ஏற்றிக்கொண்டார்.

பதினோராம் நாள் மத்தியானம், ஜோஜிலா கணவாய்க்குக் கீழே, முன்னால் போன லாரிகள் கிளப்பிய புழுதி கண்ணை மறைத்தது. மாமா ஓடைத் தண்ணீரில் துண்டை முக்கினார்.

“குளுருல எதுக்கு மாமா இது?”

“ஏழு வருசமா கட்டறேன். நீ உன் கொரங்குக் குல்லாவ நல்லா இழுத்து மாட்டு, போதும்.”

ஏற ஏற வெயில் மலைக்குப் பின்னால் போனது. காற்று கத்தியாக அறுத்தது. மாமாவின் துண்டு விறைத்துத் தகரம் போலானது. துண்டுக்குள் விட்ட மூச்சு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தது. கழற்றப் பார்த்தார். கண்ணாடி துண்டோடு ஒட்டியிருந்தது. மரத்த விரல்களால் பிடிக்க முடியவில்லை. பிரேக்கை மிதித்தார். பாரமில்லாத பின்பக்கம் பனிக்கட்டியில் வழுக்கி, பள்ளம் இருந்த என் இடப்பக்கமாக நகர்ந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி. பயம் வந்தால் அவருக்கு வீட்டுக் கன்னடம்தான் வரும். “ஹேளோ! ஹேளோ!” சொல்லு, சொல்லு என்று கத்தினார். என் தாடை பூட்டிக்கொண்டது. கீழே ஆறு நூல் போலத் தெரிந்தது. அவர் மேல் விழுந்து ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் வலப்பக்கம் வளைத்தேன். பம்பர் பாறையில் மோதி எஞ்சின் அணைந்தது.

“கல்லு வைடா, சக்கரத்துக்குக் கல்லு வை!”

வைத்தேன். அதன் பிறகு பிளாஸ்கில் இருந்த டீயை அவர் முகத்தில் ஊற்றித் துண்டை உரித்தேன். கன்னத்துத் தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

“லெப்டு ரைட்டு சொல்லத் தெரியாதவன எந்த வாத்தியார்டா பாஸ் பண்ணுவான்?” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். பற்கள் அடித்துக்கொண்டன.

லே போய் ஒப்படைத்தோம். மூன்று வருடமாகிவிட்டது, மாமா இன்றும் சேஸிஸ் ஓட்டுகிறார். மலை என்றால் மட்டும் முதுகுவலி என்பார். கன்னத்துத் தழும்பைக் கேட்டால் சவரக்கத்தி பட்டது என்பார். அவர் வெட்கப்பட்டு வாயே திறக்காததால் மற்ற டிரைவர்களுக்கு இது தெரியாது. போன வாரம்கூட மலைக்குப் புறப்பட்ட ஒரு டிரைவர் கம்பெனி வாசலில் துண்டை நனைப்பதைப் பார்த்தேன். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பிழிந்து கட்டினார்.

நடந்ததை எழுதட்டுமா என்று அன்று இரவே மாமாவிடம் கேட்டேன். “எழுது, பேரும் போடு” என்றார்.

அதனால் எழுதினேன். மலைக்குச் சேஸிஸ் ஓட்டிப்போகும் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால், தயவுசெய்து இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். துண்டு காய்ந்தே இருக்கட்டும்.