ஏழாம் நம்பர் சைக்கிளும் என் இரண்டு டயர்களும்

1986 பிப்ரவரி 15, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வெயில் ஏறிவிட்டது, வைகை மணல்மேல் மட்டும் பனி இன்னும் கலையவில்லை. கோச்சடையில் என் வீட்டிலிருந்து சிம்மக்கல்லுக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். அரசரடி வரை ஓட்டினேன். அங்கே பின் சக்கரத்தில் காற்று இறங்கியது. மீதித் தூரம் தள்ளினேன்.

நான் போக வேண்டிய ஊர் சிம்மக்கல் அல்ல. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மலையடிக்குப் போக வேண்டும்; அதற்கு டயர் வாங்கத்தான் இந்த முன்பயணம். என் மகள் மல்லிகாவும் மருமகனும் கீழக்குயில்குடி தாண்டி மூன்று கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள். பஸ் கீழக்குயில்குடியோடு சரி. அதற்கப்பால் சரளைக்கல்லும் செம்மண்ணும் சீமைக்கருவேல முள்ளும் கலந்த வண்டித்தடம்தான்.

அங்கே என் பேத்தி செல்வி இருக்கிறாள். நாலரை வயது. அவளுக்கு இரண்டு தாத்தாக்கள். ஒருவர் சம்பந்தி, சிம்மக்கல்லில் வெல்லம் மொத்த வியாபாரம். அவர் ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வருவதால் 'சைக்கிள் தாத்தா'. இன்னொருவன் நான். முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியார். சென்ற மாதம் இரண்டு ஞாயிறுகளில் மூன்று பஞ்சரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். குழந்தை கைதட்டிச் சிரித்து, "பஞ்சர் தாத்தா வந்துட்டாரு" என்றாள். அந்தப் பெயர் நின்றுவிட்டது. மருமகனே ஒருநாள் வாய்தவறிச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போன வாரம் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். கீழக்குயில்குடித் தாமரைக் குளத்தில் பூ பூத்திருக்கிறதாம். "யாரு மொதல்ல வாராங்களோ அவங்க சைக்கிள்லதான் போவேன்" என்றாள். சம்பந்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஆறு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

அவர் சைக்கிளை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். டயரில் பள்ளமும் மேடும் நன்றாக இருக்கும், தேய்மானமே கிடையாது. பின் மட்கார்டில் மஞ்சள் பெயின்டில் 7 என்று எழுதியிருக்கும். அவருடைய அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன், அவர் பிறந்தது பதினாறாம் தேதி. ஒன்றும் ஆறும் ஏழு. ராசி எண்ணை எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது. மனிதருக்குப் பணம் இருக்கிறது, வியாபாரம் இருக்கிறது, ராசியும் சேர்ந்துகொண்டது. முள்ளும் ஆள் பார்த்துத்தான் குத்துகிறது.

சம்பந்தியின் மண்டிக்கு நான்கு கடை தள்ளி ஒரு சைக்கிள் சாமான் கடை. வேண்டுமென்றேதான் அங்கே போனேன். கடைக்காரர் ஒரு பாய். வயது ஐம்பது இருக்கும்.

"பக்கத்து வெல்ல மண்டிக்காரர் எந்த டயர் வாங்குகிறார்?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"அவரா? எங்கிட்ட டயரே வாங்குனதில்ல சார், இத்தன வருசத்துல."

அப்படியென்றால் வெளியூரிலிருந்து வரவழைக்கிறார். கோயம்புத்தூராக இருக்கும். எனக்கு வயிறு எரிந்தது.

பாய் மூன்று டயர்களை எடுத்துப் போட்டார். முதலாவது முப்பத்திரண்டு ரூபாய், வழவழவென்று இருந்தது. தார் ரோட்டுக்குச் சரி, சரளையில் வழுக்கும். இரண்டாவது நாற்பத்தொன்று. பக்கவாட்டை மடித்துப் பார்த்தேன். முடி முடியாக வெடிப்பு. நெடுநாள் பரணில் கிடந்த சரக்கு. திருப்பிக் கொடுத்தேன்.

"சார் வாத்தியாரா?" என்றார் பாய்.

"எப்படித் தெரியும்?"

"பரீட்சப் பேப்பர் மாதிரி பாக்குறீங்களே."

மூன்றாவது, பால்காரர்கள் போடுவது. கனத்த ரப்பர், நடுவில் மேடான வரிகள், ஓரத்தில் கட்டை கட்டையாகப் பிடிப்பு. கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. உட்புறம் நூல் நெருக்கமாக இருந்தது. விளிம்புக் கம்பி வளையாமல் நின்றது.

"ரெண்டு பக்கமும் கேன் தொங்கும் சார். அந்தப் பாரத்துக்கே தாங்குது. நீங்க என்ன, வத்தல் மாதிரி இருக்கீங்க."

"விலை?"

"ஒன்னு அம்பத்திரண்டு."

"எம்புட்டு?" என்று என்னை அறியாமல் கேட்டேன்.

"அம்பத்திரண்டு. இதுல கொறைக்க ஒன்னுமில்ல. டியூப்பு மட்டும் பதினாலுல எட்டணா விட்டுத் தாரேன்."

இரண்டு டயர், இரண்டு டியூப். மாட்டிய கூலி மூன்று ரூபாய். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். கனத்த டயரில் அது முக்கியம், இல்லையென்றால் சேறு அடைத்துக்கொள்ளும். அறுபது பைசாவுக்கு டீ குடித்தேன். பிறகு தெருமுனையில் போர்டு எழுதும் ஆளிடம் போய், பின் மட்கார்டில் 4 என்று எழுதச் சொன்னேன். நான் பிறந்தது இருபத்திரண்டு. ஏழு எனக்கு வாய்க்கவில்லை, வாய்த்தது இதுதான்.

"எத்தன சைக்கிள் விடுறீங்க?" என்றார் அவர்.

"ஒன்றுதான்."

"ஒன்னுக்கா நம்பரு?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, உங்க இஷ்டம்." இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு, காலை ஆறு இருபத்தைந்துக்குக் கிளம்பினேன். பனி, தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. விராட்டிபத்து தாண்டும்போது வெளிச்சம் வந்தது. புது டயர் தார் ரோட்டில் கனமாகத்தான் உருண்டது. வண்டு முரலுவதுபோல ஒரு சத்தம். எதிரே வந்த பால் சைக்கிள்கள் ஒன்பதிலும் இதே டயர். மனதுக்குத் தெம்பாக இருந்தது. நாகமலை புதுக்கோட்டையில் அறுபது பைசாவுக்கு ஒரு டீ, குழந்தைக்கு இரண்டு ரூபாய்க்கு பிஸ்கட். நாகமலை பனிக்குள் நீளமாகக் கிடந்தது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் சமணர் மலையின் மொட்டைப் பாறை முன்னால் வந்து நிற்கும். அதன் அடியில்தான் கீழக்குயில்குடி.

ஊர் தாண்டியதும் தடம் ஆரம்பித்தது. இங்கே சக்கரத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். கல்லில் எகிறாமல் கவ்விப் போயிற்று. முதல் அரை மைல் சரளை. பிறகு மழை அறுத்த பள்ளம், ஓரமாக ஒரு முழம் வழி. பிறகு ஓடை மணல். அதில் எந்த டயரும் உதவாது, இறங்கித்தான் தள்ள வேண்டும். வேலிக்கு வெட்டிப்போட்ட கருவேல முட்கள் பாதையெங்கும் சிதறியிருந்தன. சென்ற மாதம் நான் மானம் இழந்த இடம் அதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக அதன்மேல் விட்டேன். நொறுநொறுவென்று சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் முன்னால் ஆறு, பின்னால் ஐந்து முள். பிடுங்கிப் போட்டேன். காற்று ஒரு துளி குறையவில்லை.

ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மாள் நின்று பார்த்தாள்.

"வெல்ல மண்டிக்காரர் போய்விட்டாரா?" என்று கேட்டேன்.

"இன்னும் காணமே. அவரு வந்தா பெல்லுச் சத்தத்துலயே ஆடெல்லாம் ஒதுங்கிக்கிருமே."

ஆட்டுக்குக்கூட அவரைத் தெரிந்திருக்கிறது.

எட்டு ஐந்துக்குத் தோட்டம். மல்லிகா கோழித்தீனி வாளியோடு நின்றவள், "என்னப்பா, இம்புட்டு வெள்ளன?" என்றாள். செல்வி ஓடிவந்து குனிந்து இரண்டு சக்கரத்தையும் அமுக்கிப் பார்த்தாள். "பஞ்சர் இல்ல" என்றாள். அவளுக்கு ஏமாற்றம்போலத் தோன்றியது எனக்கு. ஆனாலும் துண்டைச் சுற்றிய முன்கம்பியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பிஸ்கட் ஒரு கையில், மணி ஒரு கையில். தடம் முழுக்க அவள் மணியடித்தாள். இந்தப் பயணத்தில் சொல்லத் தகுந்த சுகம் அந்தக் கால் மணி நேரம்தான்.

ஓடை தாண்டியதும் எதிரே சம்பந்தி வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பின் சக்கரம் தரையோடு தரையாகக் கிடந்தது. சட்டை நனைந்திருந்தது. என் மனம் துள்ளியது, மறைக்கவில்லை. குழந்தை இப்போது கைதட்டுவாள், 'பஞ்சர் தாத்தா' என்ற பட்டம் உரிய இடம் மாறும் என்று காத்திருந்தேன்.

அவள் கம்பியிலிருந்து நழுவி இறங்கி ஓடினாள். "ஐயோ, பாவம் தாத்தா" என்றாள். பிஸ்கட்டை அவர் வாயில் ஊட்டினாள். பிறகு பின்னால் போய்க் கேரியரில் இரண்டு கையும் வைத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். இப்படி ஒரு பஞ்சர் எனக்குக் கிடைக்கவில்லையே என்று நின்றேன். என்னுடையவை மூன்றும் வீண்.

ஊருக்குள் இருக்கும் பஞ்சர் கடையை நோக்கி அவர்கள் முன்னால் போனார்கள். முள் குத்தாத சைக்கிளை உருட்டிக்கொண்டு நான் பின்னால் போனேன். அப்போதுதான் அவருடைய மட்கார்டு கண்ணில் பட்டது. 12.

"எண்ணை மாற்றிவிட்டீர்களா?" என்றேன்.

"நான் எங்க மாத்த? ஏழ நேத்தே எவனோ கல்யாணத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டான் சம்மந்தி. கடையில இந்தப் பன்னண்டுதான் நின்னுச்சு. டயரு அப்பளம்."

"கடையா?"

"வாடகக் கடைதான். பின்ன, சொந்தமா வச்சா டயர் போடு, டியூப் போடு, ஆயில் போடுன்னு யாரு அழுகுறது? நாள் முழுக்க நாலு ரூவா. நிக்கிறதுல நல்ல டயராப் பாத்து எடுத்துக்கிறதுதான். ஏழுக்குத்தான் புதுசு போட்டிருந்தான்." என் பின் மட்கார்டைப் பார்த்தார். "நீங்களும் வாடக தானா? பெரிய ஆளு சம்மந்தி. டயரு ரெண்டும் அசல் புதுசு. எந்தக் கடை?"

ஒன்றுக்கா நம்பர் என்று அந்தப் போர்டு எழுதும் ஆள் கேட்டது இப்போதுதான் காதில் விழுந்தது.

"தெரிந்த இடம்" என்றேன்.

"வாடக எம்புட்டு?"

"கொஞ்சம் கூடத்தான்."

"இருக்கட்டும். இந்த டயருக்குக் குடுக்கலாம். அடுத்த வாரம் அந்தக் கடைய எனக்கும் காட்டுங்க." சொல்லிவிட்டு என் டயரை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். அந்தத் தடவலில் கொஞ்சம் பொறாமை இருந்தது. அதை நான் வீடுவரை பத்திரமாகக் கொண்டுவந்தேன்.

பஞ்சர் ஒட்ட ஒன்றரை ரூபாய். சம்பந்தி நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். கடைக்காரர் சில்லறை இல்லை என்றார். நான் கொடுத்தேன். மூவரும் குளத்துக்குப் போனோம். தாமரை பதினேழு, மொட்டைச் சேர்க்கவில்லை. திரும்பும்போது செல்வி பன்னிரண்டாம் நம்பர் கம்பியில்தான் ஏறினாள். "சைக்கிள் தாத்தா பாவம், தனியா வருவாரு" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நாலாம் நம்பர் தாத்தா, முள்ளு கெடந்தா நீங்க முன்னாடி போங்க" என்றாள். நான் முன்னால் போனேன். தடத்தில் கிடந்த முள்ளெல்லாம் என் டயரில் ஏறியது. அவர்கள் பின்னால் சுகமாக வந்தார்கள்.

மாலை கோச்சடை வந்து சேர்ந்தேன். எங்கள் தெரு சமதளம், தார் ரோடு. இங்கே ஓட்ட முப்பத்திரண்டு ரூபாய் டயரே போதும். விளக்கடியில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். இன்னும் பதினான்கு முள் இருந்தது, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. டயர் நல்ல டயர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. மலையடிப் பாதைக்குப் போகிறவர்கள் நம்பி வாங்கலாம்.

டயர், டியூப், மாட்டிய கூலி, நம்பர், டீ, பிஸ்கட், சம்பந்தியின் பஞ்சர், எல்லாம் சேர்த்து என் வாடகை நூற்று நாற்பது ரூபாய் எழுபது பைசா.