தாம்பூலப் பையில் போட்ட சாக்லேட்

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசியில், திருக்கடையூரில் என் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி பெட்டி நிறைய சாக்லேட் கொண்டுவந்திருந்தான். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு சாக்லேட்டும் போடலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். ஃபாரின் சாக்லேட் என்றால் சும்மாவா? எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். மண்டபத்துப் பாத்திரங்களை ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது தம்பி வெளிறிய முகத்தோடு செல்போனை நீட்டினான். அவன் சாக்லேட் வாங்கிய கடையிலிருந்து செய்தி வந்திருந்தது. அதில் வேர்க்கடலை கலந்துவிட்டதாம், உறையில் அதைக் குறிப்பிடவில்லையாம். கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் சாப்பிட வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றிருந்தது.

பெரியப்பா சிரித்தார். "கடலைதானே கலந்திருக்கு, பூச்சி மருந்தா கலந்திருக்கு? விடும்மா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத் தங்கை முறையான சித்தப்பா மகளின் ஐந்து வயதுப் பெண்ணுக்குக் கடலை ஆகாது. அந்த வருடப் பொங்கலுக்குத்தான் ஒரு துண்டு கடலைமிட்டாய் தின்று, முகம் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்து வந்திருந்தாள். அவர்கள் குடவாசலுக்கு வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாம்பூலப் பையை மண்டபத்தில் யாரும் பிரிக்க மாட்டார்கள். வண்டி கிளம்பியதும்தான் பிரிப்பார்கள். தின்ன ஏதாவது இருந்தால் பிள்ளைகள் அங்கேயே காலி செய்துவிடும்.

தங்கைக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அவள் கணவருக்குப் போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேனில் பாட்டு அலறும், காதில் விழுந்திருக்காது. வயல்களுக்கு நடுவே போகிற ரோட்டில் குழந்தைக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வார்கள்? கடைசியில் வேன் ஏற்பாடு செய்த மாமாவிடம் டிரைவர் நம்பரை வாங்கி அடித்தேன்.

"அண்ணே, வண்டிய ஓரங்கட்டுங்க! யாரும் சாக்லேட் சாப்பிட வேணாம்னு சொல்லுங்க. பாப்பாவோட அம்மாகிட்ட போனக் கொடுங்க!" என்று கத்தினேன்.

பாட்டு நின்றது. தங்கை பேசினாள். பாப்பா சாப்பிட்டாளா என்றேன்.

"இவ்வளவு நேரம் தூங்கிட்டா. இப்பதான் முழிச்சா, கொடுக்கலாம்னு பிரிச்சேன். கவர்ல எல்லாம் படிச்சுப் பாத்துட்டேன்க்கா, கடலை போடலையே?"

நான் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் அவள் அழுவது கேட்டது. நானும் மண்டப வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

என் தங்கை அஜாக்கிரதையான தாய் இல்லை. எந்தப் பொட்டலத்தையும் ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் பிள்ளைக்குக் கொடுப்பாள். அன்று உறையில் இருந்ததே தப்பு. கடைகளிலிருந்து ஏதோ பொருளைத் திரும்பப் பெறுகிறார்கள் என்று செய்தி வந்தால் முன்பெல்லாம் தள்ளிவிட்டுப் போவேன். இப்போது முழுசாகப் படித்து, தெரிந்த எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன், ஏனென்றால் எங்கோ ஒருத்தி எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்ட நிம்மதியோடு அதைப் பிரித்துத் தன் குழந்தையிடம் நீட்டிக்கொண்டிருப்பாள்.