கட்டடம் இல்லாத திட்டம்

எழுதி முடித்ததை மறுபடியும் சந்தேகப்படுவது சங்கமித்ராவின் பழக்கம். கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் பேத்தி அவள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள். சந்தாபுராவில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்கு, நிதி கேட்டு அனுப்பும் திட்டங்களை எழுதித் தருகிறாள். சரளமாகப் பேசுகிறவர்கள் நடுவே உட்கார்ந்தால், நமக்கு இங்கே என்ன வேலை என்று இன்றைக்கும் அவளுக்குக் கூசும். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல எழுத அவளுக்குக் கை வராது.

ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் தாய்மார்களுக்காகக் குழந்தைகள் காப்பகம் ஒன்றைக் கட்டத் திட்டம் எழுதினாள். பிரச்சினை என்ற தலைப்பின்கீழ் ‘இப்பகுதியில் காப்பகம் இல்லை’ என்று போட்டாள். நிறுவனத்தை நடத்தும் பீட்டருக்கு அது பிடித்துப்போனது. நிதி தரவிருந்த கம்பெனிக்கு இன்னும் பிடித்தது. கட்டடம் என்றால் முகப்பில் பெயர் போட்டுக்கொள்ளலாம். இந்த நிதி வராவிட்டால் அலுவலகத்தையே மூட வேண்டியதுதான்.

கம்பெனியோடு நடக்கவிருந்த கடைசிக் கூட்டத்துக்கு முன்பு அந்த ஒரு வரி அவளை உறுத்தத் தொடங்கியது. காப்பகம் இல்லை என்பது பிரச்சினையா, தானே முன்கூட்டி முடிவு செய்துவிட்ட பதிலா?

விடிந்ததும் அந்தத் தாய்மார்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் போனாள். காப்பகம் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? இன்றைக்குப் பிள்ளையை யாரிடம் விடுவீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

சின்னத்தாய் இடுப்புக் குழந்தையோடு நின்றாள். “அங்கன்வாடி இருக்குதும்மா. அது தொறக்கறதுக்குள்ள எங்க கம்பெனி வண்டி போயிடுது. அதான் முறை வெச்சி ஒருத்தி லீவு போட்டுட்டு எல்லாப் பிள்ளைங்களயும் பாத்துக்கறோம். இன்னிக்கு என் முறை.”

தேவைப்பட்டது கட்டடம் அல்ல; காலையில் சிறிது நேரத்துக்கு ஓர் ஆளும் ஓர் அறையும்.

அவள் இதைச் சொன்னதும் பீட்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “கைக்கு வந்தத வேணாம்னு சொல்றதுக்கா இவ்ளோ படிச்ச? மொதல்ல வாங்குவோம், அப்புறம் மாத்திக்கலாம்.”

“கட்டடம் பூட்டிக் கெடந்தா அப்புறம் யாரு சார் பதில் சொல்றது?” என்றாள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் நடந்த கூட்டத்தில், தட்டுத் தடுமாறும் ஆங்கிலத்தில் தாய்மார்களின் தேவையோடு தன் தவறையும் சேர்த்தே சொன்னாள். அப்படியென்றால் எங்கள் பெயரை எங்கே போடுவது என்று கம்பெனி அதிகாரி அஷ்வத் கேட்டார். போட இடமில்லை என்றாள். அவர் திட்டத்தை மறுபடி புரட்டிப் பார்த்தார். பிறகு, கட்டடத்துக்கான தொகையைத் தர முடியாது, ஓராண்டு சோதித்துப் பார்க்கச் சிறு தொகை தருகிறோம் என்றார்.

அலுவலகம் தப்பியது, ஆனால் தனி அறை பிடிக்கப் பணம் போதவில்லை. பீட்டர் முணுமுணுத்துக்கொண்டே அலுவலகத்தின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, நேரமானதும் அங்கன்வாடியில் விட்டுவர ஜானகி என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள்.

கம்பெனிக்கு முதல் அறிக்கை எழுதும் நாள் வந்தது. “எல்லாம் நல்லா நடக்குதுன்னு போட்டுடும்மா” என்றார் பீட்டர்.

நன்றாகத்தான் நடந்தது. சின்னத்தாய் லீவு போட்டே வெகுநாளாகிறது. அதை எழுதினாள். அதன் கீழே, இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள், காரணம் இன்னும் தெரியவில்லை என்றும் எழுதினாள். பிறகு கணினியை மூடிவிட்டு, அவர்களைப் பார்க்கக் கிளம்பினாள்.